லிங்கி ஆற்றில் ஒரு பழைய மோட்டார்

போன ஆண்டு தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை மாலை, என் தாய்மாமா லிங்கி ஆற்று முகத்துவாரத்தில் மாட்டிக்கொண்டார். உடாங் காலா பிடித்துவிட்டுத் திரும்பும் நேரம். ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோய்த் துடுப்பை எடுத்தால், நீரோட்டம் படகைக் கோலா லிங்கி பக்கம், கடலை நோக்கி இழுக்கிறது. மாமாவுக்கு வயது 74. எப்படியோ கரையோரம் ஒதுங்கி, ஒரு பாக்காவ் மரத்து வேரில் படகைக் கட்டிவிட்டு, முதலை இருக்கிற ஆற்றில், இருட்டில், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார். வலை போட வந்த மலாய்க்காரர் ஒருவர்தான் கயிறு கட்டி இழுத்துவந்து பெங்காலான் கெம்பாஸில் கரை சேர்த்தார்.

அன்றிரவே சிரம்பானிலிருந்து மகன் வந்து சத்தம் போட்டிருக்கிறான். "பழைய இரும்புக்காரன் எண்பது வெள்ளி தர்றேங்கறான். தள்ளிவிட்டுட்டு சும்மா வீட்ல இருங்கப்பா." மாமா பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் எனக்குப் போன் வந்தது.

"மருமவனே, ஒங்கப்பா மோட்டாரு நின்னுபோச்சு. வந்து பாக்குறியா?"

அப்பா போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. அதற்கப்புறம் அந்த மோட்டாரை வைத்திருப்பவர் மாமாதான். ஆனாலும் அவர் வாயில் அது இன்றுவரை "ஒங்கப்பா மோட்டாரு"தான்.

ரந்தாவிலிருந்து லிங்கிக்குப் போகும் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். லின்சம், ஆதர்டன், சுவா பெத்தோங் என்று அந்த வட்டாரத்துத் தோட்டப் பெயர்களைக் கேட்டாலே இந்தப் பக்கத்து ஆட்களுக்கு எல்லாம் கண்ணில் வந்து நிற்கும். அப்பா தோட்டத்து ஃபிட்டர். ரப்பர் ஷீட் அழுத்தும் மிஷினை ஓட்டும் டீசல் இன்ஜின் அவர் பொறுப்பு. மாமா பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனை வந்ததும் குலை வெட்டினார். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை போர்ட்டிக்சன் கடலில் படகு விடுவதற்கென்று ஒரு மோட்டார் வைத்திருந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர் ஊருக்குக் கிளம்பும்போது, எத்தனையோ முறை அதைச் சரிசெய்து கொடுத்த அப்பாவிடமே சொற்ப விலைக்கு விட்டுவிட்டுப் போனார். ஜான்சன் கம்பெனியின் 10 குதிரைசக்தி மோட்டார். அமெரிக்காவில் 1950களின் கடைசியில் செய்தது.

படகின் பின்பலகையில் மாட்டுகிற மோட்டாரை வியாபாரமாக்கியவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வெயிலில் துடுப்புப் போட்டு வருவதற்குள் அது உருகிப்போனதாம், அந்த எரிச்சலில் பிறந்ததுதான் மோட்டார் என்று கதை சொல்வார்கள். 1909-இல் விற்பனை தொடங்கியது. ஜான்சன் சகோதரர்கள் பின்னால் வந்த போட்டிக்காரர்கள். 1930களில் இரண்டும் ஒரே கம்பெனிக்குள் வந்தன. அந்தக் கம்பெனி 2000-ஆம் ஆண்டு திவாலானது. வேறு கைக்கு மாறிய பிறகு ஜான்சன் பெயர் மறைந்தது, எவின்ரூட் பெயரும் 2020-இல் நின்றது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மாமாவின் மோட்டாரைப் பற்றிக் கேட்பதற்கு இன்று ஒரு கம்பெனியே கிடையாது. நம் ஆறுகளில் எங்கு பார்த்தாலும் யமாஹாதான். இப்போதைய பட்டறைப் பையன்களில் பலர் 'பாயிண்ட்' என்ற சாமானைக் கண்ணால் பார்த்ததில்லை.

நானும் அவ்வளவாகப் பார்த்தவன் இல்லை. செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 27 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன். சர்க்கியூட் போர்டு தெரியும், மீட்டர் பிடிக்கத் தெரியும். அப்பா பிளைவீலைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று டார்ச் அடித்திருக்கிறேன், அவ்வளவுதான். 'கத்துக்கோ' என்று அவர் சொன்னதில்லை. 'படி' என்றுதான் சொன்னார்.

இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், அழுத்தம், நெருப்பு. பெட்ரோல் வந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக் கயிற்றை இழுத்தால் விரலைத் தள்ளியது, அழுத்தம் இருக்கிறது. இரண்டு பிளக்கையும் வயரோடு சேர்த்து இன்ஜின் உடம்பில் தொடவைத்துக் கயிற்றை இழுத்தேன். மேல் சிலிண்டர் பிளக்கில் மஞ்சளாக ஒரு சோகைப் பொறி. கீழ்ப் பிளக்கில் ஒன்றுமே இல்லை. நல்ல மோட்டாரில் நீலமாக, 'டிக்' என்று காதில் விழுகிற மாதிரி அடிக்கவேண்டும்.

"கொஞ்ச மாசமாவே இழுவ பத்தல," என்றார் மாமா. அதாவது மாதக்கணக்கில் ஒரே சிலிண்டரில் ஓட்டியிருக்கிறார்.

இந்தப் பழைய மோட்டாருக்கு பேட்டரி கிடையாது. மேலே சுற்றுகிற கனமான பிளைவீலின் உள்விளிம்பில் காந்தம் பதித்திருக்கும். அதன் அடியில், அசையாத தட்டில், இரண்டு காயில், இரண்டு பாயிண்ட், இரண்டு கண்டென்சர், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு செட். காந்தம் காயிலைக் கடக்கும்போது அதில் மின்சாரம் ஓடுகிறது. சரியான நொடியில் பாயிண்ட் திறந்து அந்த ஓட்டத்தை வெட்டிவிட, காயிலின் மெல்லிய கம்பிச் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பிப் பிளக்கில் பாய்கிறது. பாயிண்ட் முனை கருகாமல் பார்த்துக்கொள்வது கண்டென்சரின் வேலை. ஆக, சோகைப் பொறிக்குக் காரணம் எதுவாக இருந்தாலும் அது பிளைவீலுக்கு அடியில்தான் இருக்கிறது. பிளைவீலைத் தூக்காமல் கைவைக்க முடியாது.

கயிறு சுற்றும் மேல் பாகத்தை எடுத்துவிட்டுப் பார்த்தபோது வயிறு கலங்கியது. நடுத்தண்டின் முனை கொஞ்சம் சப்பையாகி, முதல் இரண்டு புரி நசுங்கியிருந்தது. யாரோ சுத்தியலால் அடித்திருக்கிறார்கள். மாமாவைக் கேட்டேன். ஐந்தாறு வருடம் முன்னால் ஒரு பட்டறையில் கொடுத்தாராம். இரண்டு நாள் வைத்திருந்து, 'வரமாட்டேங்குது பெரியவரே' என்று திருப்பிக் கொடுத்தார்களாம். அடித்ததைச் சொல்லவில்லை. பட்டறையின் பெயர் வேண்டாம். அந்தத் தண்டுதான் கிராங்க், உள்ளே பிஸ்டன் வரை போகிறது. அதன் தலையில் ஓங்கி அடித்தால் கீழே உள்ள பேரிங் அடிவாங்கும், அதற்கு மருந்து கிடையாது. விளிம்பில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் பிளைவீல் கோணும். டார்ச் நெருப்பு காட்டினால் அடியில் உள்ள காயில் வெந்துவிடும், காந்தத்துக்கும் ஆகாது.

பிளைவீல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தண்டு கூம்பாக இருக்கும். நட்டை முறுக்க முறுக்கப் பிளைவீல் அந்தக் கூம்பில் கவ்வும். நட்டைக் கழற்றிய பிறகும் அந்தக் கவ்வல் விடாது. இருபது முப்பது வருடம் உப்புக்காற்று பட்டது என்றால் சொல்லவே வேண்டாம். அதை எடுக்க நேரான வழி ஒன்றுதான்: பிளைவீலின் நடுவைச் சுற்றி மூன்று புரித்துளை கொடுத்திருப்பார்கள். அதில் மூன்று போல்ட் போட்டு ஒரு தட்டைப் பிடித்து, தட்டின் நடுவே உள்ள பெரிய போல்ட்டைத் தண்டின்மேல் முறுக்கி, பிளைவீலை மேலே இழுக்கவேண்டும்.

அப்பாவின் மரப்பெட்டி மாமா வீட்டுக் கொல்லையில் இருந்தது. அதில் அந்தத் தட்டு கிடைத்தது. விரல் கனத்தில் இரும்பு, கையால் துளைத்த மூன்று ஓட்டை, நடுவில் பெரிய போல்ட். தோட்டத்துப் பட்டறையிலேயே செய்திருக்கவேண்டும். சின்னப் போல்ட் மூன்றும் இல்லை. பெட்டியில் ஒரு மைலோ டின் நிறையப் பழைய போல்ட் கிடந்தது. அதில் தேடினால் ஒன்று துளையில் சுலபமாக ஏறியது. சந்தோஷத்தில் மூன்றையும் மாட்டிவிட்டேன். மாட்டிய பிறகுதான் விரலுக்குத் தெரிந்தது: போல்ட் லேசாக ஆடியது.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும், எத்தனையோ பேர் சாமான் கெடுப்பது இதில்தான். தோட்டத்து இன்ஜின்கள் இங்கிலாந்து சாமான். அதன் போல்ட் விட்வொர்த் புரி. மோட்டாரோ அமெரிக்கச் சாமான். கால் அங்குலம், ஐந்து பதினாறில் ஒரு அங்குலம் ஆகிய சின்ன அளவுகளில் இரண்டிலும் அங்குலத்துக்கு எத்தனை புரி என்பது ஒன்றே. ஆனால் புரியின் கோணம் வேறு: விட்வொர்த் 55 பாகை, அமெரிக்கப் புரி 60 பாகை. ஒன்று மற்றதில் ஏறும், ஆனால் முழுக்கக் கவ்வாது. சும்மா ஒரு மூடியைப் பிடிக்கப் போதும். பெரும் இழுவைக்குப் போட்டால் துளையின் புரியையே வழித்துக்கொண்டு வந்துவிடும். மூன்றையும் கழற்றி டின்னில் போட்டேன். மறுநாள் சிரம்பானில் ஒரு சீனர் இரும்புக்கடையில், பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அரைமணி நேரம் இழுப்பறைகளைத் துழாவி, அமெரிக்கப் புரியில் கெட்டி இரும்புப் போல்ட் மூன்று எடுத்துக் கொடுத்தார். நம் ஊரில் இப்படிப்பட்ட கடைகள் இன்னும் எத்தனை நாளைக்கோ!

மாமா ஒரு பழைய கார் சீட்பெல்ட்டைப் பிளைவீலைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, நட்டைத் தளர்த்தினேன். முழுக்க எடுக்கவில்லை. நட்டின் மேல்பக்கமும் தண்டின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விட்டேன். இழுப்பானின் பாரம் அப்போது நசுங்கிய புரிமேல் மட்டும் விழாது, பிளைவீல் விடுபடும்போது தெறித்து முகத்துக்கு வராமலும் நட்டு தடுக்கும். நடுப் போல்ட்டை முறுக்கினேன். கை வலிக்கும் வரை முறுக்கியும் அசையவில்லை. நடுப் போல்ட்டின் தலையில் சுத்தியலால் அளவாக ஒரு தட்டு. இல்லை. துரு எண்ணெய் விட்டு, கொதிக்கும் தண்ணீரில் துணியை நனைத்துப் பிளைவீலின் நடுவில் சுற்றி, இன்னும் கால் சுற்று. இல்லை.

இரவு ஒன்பது மணி ஆகிவிட்டது. எனக்கும் அந்தப் பட்டறைக்காரர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றத் தொடங்கிய நேரம். பெரிய சுத்தியல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, எடுத்தும்விட்டேன். மாமா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மச்சான் முறுக்கி வச்சிட்டுப் போயிப் படுத்துருவாரு."

"யாரு, அப்பாவா?"

"ஆமா. முறுக்கி வச்சிட்டுப் படுத்துருவாரு. காலையில அதுவா விட்டுருக்கும்."

சுத்தியலைக் கீழே வைத்தேன். இறுக்கத்தைக் குறைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தோம். விடியற்காலை ஐந்து மணி இருக்கும், கொல்லையில் 'டங்' என்று ஒரு சத்தம், யாரோ கோயில் மணியைக் கல்லால் தட்டினாற்போல. போய்ப் பார்த்தால் பிளைவீல் நட்டில் முட்டிக்கொண்டு நின்றது. கையால் தூக்கினேன், வந்துவிட்டது.

அடியில் குளவி மண் ஒட்டியிருந்தது, பாயிண்ட் முனைகள் சாம்பல் பூத்திருந்தன. இரண்டு காயிலுமே மேல்பூச்சு பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் பச்சைக் களிம்பு. இந்த வயது ஜான்சன் மோட்டாரில் இது வழக்கமான நோய்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெடித்த காயிலில் ஈரம் இறங்கும். குளிர்ந்திருக்கும்போது ஏதோ வேலை செய்யும், சூடானதும் படுத்துக்கொள்ளும். முகத்துவாரத்தில் அன்று நடந்தது இதுதான். கீழ்க் காயில் முன்பே செத்துவிட்டது, மேல் காயில் அன்று மாலை சூட்டில் கைவிட்டது. படகு கரைக்கு வந்து ஆறியதும் சோகையாகப் பொறி விட்டது.

காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றிலும் இரண்டிரண்டு, வேறு கம்பெனிகள் இன்றும் செய்கின்றன. இணையத்தில் சொல்லி வரவழைத்தேன், வர இரண்டு வாரம் ஆனது. மாமா கேட்ட எண்பது வெள்ளிக் கணக்கை விடப் பல மடங்கு செலவு. மகனிடம் விலையைச் சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பிளைவீலுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இரும்புத் துண்டு உட்கார்ந்திருக்கும். 'கீ' என்பார்கள். காந்தம் எந்த நொடியில் காயிலைக் கடக்கவேண்டுமோ அந்த நொடியில் கடக்கும்படி பிளைவீலைச் சரியான இடத்தில் நிறுத்துவது அதுதான். இந்த மோட்டாரில் இருந்த கீ கம்பெனி கீ அல்ல. அரத்தால் ராவிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன. மாமாவிடம் காட்டினேன்.

"அதுவா? பழைய கீ வெட்டிக்கிச்சு. சாமான் எங்க கெடைக்குது அப்ப? ஒடஞ்ச பால்கத்தி ஒண்ணு கெடந்துச்சு, என்னோடதுதான். அதுலேருந்து வெட்டி ராவுனாரு. ஒரு நாயித்துக்கெழம பூரா."

புத்தகப்படி பார்த்தால் இது தப்பு. கத்தி இரும்பு அளவுக்கு மீறிக் கெட்டி. ஏதாவது ஏடாகூடமானால் கீ வெட்டுப்படாமல் தண்டின் பள்ளத்தைக் கிழித்துவிடும். ஆனால் அது கிழிக்கவில்லை. ஏன் என்பதற்கு அப்பாவின் இன்னொரு வேலை பதில் சொல்லியது: கூம்பு முழுக்கக் கண்ணாடி மாதிரி மழமழவென்று உட்கார்ந்திருந்தது. பிளைவீலைப் பிடிப்பது கீ அல்ல, கூம்பின் கவ்வல்தான். கூம்பு சுத்தமாக உட்கார்ந்து நட்டும் சரியாக இறுகியிருந்தால் கீக்கு வெறும் வழிகாட்டும் வேலைதான். முன்பு பழைய கீ வெட்டிக்கொண்டது யாரோ நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டதால் இருக்கவேண்டும். அதற்கப்புறம் அப்பா கூம்பையும் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார். யாரும் பார்க்காத இடத்தில் செய்த வேலை. நான் புதுக் கீயும் வாங்கியிருந்தேன். கொஞ்ச நேரம் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு புதியதையே போட்டேன். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

காயிலைத் தட்டில் உள்ள மேடுகளோடு விளிம்பு சரியாக நிற்கும்படி பொருத்தவேண்டும். வெளியே துருத்தினால் காந்தம் உரசும், உள்ளே போனால் பொறி குறையும். பாயிண்ட் இடைவெளி ஒரு அங்குலத்தின் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர். கூம்பை தின்னரால் துடைத்துக் காயவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் பிளைவீலை வைத்து, நட்டை அளவு காட்டும் ஸ்பேனரில் 40-க்கும் 45-க்கும் இடையே அடி-பவுண்டு வரை இறுக்கினேன். நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி மோட்டாரை மாட்டினோம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே உள்ள ரப்பர் பம்ப் கருகிவிடும். பொறி இரண்டு பிளக்கிலும் நீலமாக அடித்தது. கயிற்றை இழுத்தேன்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு புகை, அவ்வளவுதான். இருபது தடவை இழுத்திருப்பேன். தீபாவளிக்கு அப்போது பன்னிரண்டு நாள். மகனும் அன்றைக்கென்று வந்து நின்றுகொண்டிருந்தான். வாய் திறக்கவில்லை, அது இன்னும் மோசம்.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். இந்தத் தடவை பிளைவீல் ஐந்தே நிமிடத்தில் வந்தது. பாயிண்ட்டைத் திறந்து மூடுகிற சின்ன வளையம் ஒன்று தண்டில் இருக்கும். துடைப்பதற்காக அதை எடுத்துவிட்டு, தலைகீழாகப் போட்டிருந்தேன். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று அதிலேயே ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. 27 வருடம் டெக்னீஷியன்! திருப்பிப் போட்டேன். மூன்றாவது இழுப்பில் மோட்டார் முழங்கியது. டிரம் தண்ணீர் பொங்கி மாமாவின் கைலியை நனைத்தது. மகன் ஓடிவந்து டிரம்மைப் பிடித்துக்கொண்டான். சத்தத்தில் அவன் ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான்.

மாமாவுக்கு இறால் விற்ற காசு வேண்டும், அது உண்மைதான். ஆனால் தோட்டத்தில் லயம் காலியாகி ஆளுக்கொரு தாமானாகச் சிதறிப்போன பிறகு, அவருக்கென்று மிஞ்சிய இடம் அந்த ஆறு ஒன்றுதான். பெங்காலான் கெம்பாஸில் சுங்கை உடாங் கெராமாட் என்று ஒரு பழைய கல்லறை இருக்கிறது, 1467-ஆம் ஆண்டு பொறித்த கல். அந்தக் கல்லின் காலத்திலிருந்தே இங்கே இறால்தான் என்று வேடிக்கையாகச் சொல்வார். காலையில் அந்தப் பக்கம் படகை இறக்கினால், எந்த வளைவில் எந்த ஓதத்துக்கு உடாங் காலா ஒதுங்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் நானும் கூடப் போனேன். இரண்டு சிலிண்டரும் சேர்ந்து இழுத்ததில் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு போனது. முகத்துவாரம் வரை போய்த் திரும்பும்போது மாமா கேட்டார்: "அந்தப் பழைய கீய எங்க வச்ச?"

சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மோட்டார் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைத்துக்கொண்டார். "புதுசு வெட்டிக்கிச்சுன்னா?" என்றார். அப்படி நடக்காது, நட்டை நல்லா இறுக்கியிருக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினாரே தவிர, உறையை எடுக்கவில்லை.

மகன் ஒரு நங்கூரம், தண்ணீர் புகாத போன் உறை, உயிர்காப்பு மேலங்கி மூன்றும் வாங்கிக் கொடுத்திருக்கிறான். நங்கூரமும் போனும் படகில் போகின்றன. மேலங்கியை மாமா உட்காரும் பலகைமேல் மெத்தையாகப் போட்டுக்கொள்கிறார்.